பெட்டிக்குள் பாதிப் பேர்

வாங்க சார், வாங்க. செருப்பை அங்கேயே விட்டுடுங்க, யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க. உங்க வீட்டம்மா உள்ளே போயாச்சா? அப்ப நீங்க தாராளமா உட்காரலாம். உள்ளே போனவங்க வெளியே வர அரை மணி நேரமாவது ஆகும். கொலு பார்க்க வர்ற வீட்டம்மாவோட துணைக்கு வர்ற ஆம்பளைங்க நிலைமை எனக்குத் தெரியாதா சார்? சுவரோரமா நின்னுக்கிட்டு, செல்போனைத் தடவிக்கிட்டு, சுண்டல் வந்ததும் ரெண்டு வாய் போட்டுக்கிட்டு, 'போலாமா'ன்னு கண்ணாலேயே கேட்டுக்கிட்டு... நானும் போன வருஷம் வரைக்கும் அப்படித்தான். சொந்த வீட்டுக் கொலுவிலேயே சார்! ஒன்பது நாளும் பேப்பரைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவேன்.

இந்த நாற்காலியிலே உட்காருங்க. இங்கேருந்து பார்த்தாதான் எல்லாப் படியும் தெரியும். சுண்டல் சாப்பிடுங்க. உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தா சொல்லுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

இது சாதாரணக் கொலு இல்லை சார். கல்யாண செட், கிரிக்கெட் செட், காய்கறிக் கடைன்னு மத்த வீட்டிலே வைக்கிற மாதிரி இல்லை. தலைப்பு, 'மனிதகுல வரலாறு'. கீழ்ப்படியிலே கற்காலம், அங்கேருந்து ஏறி ஏறி மேலே விண்வெளி. நான் ஹிஸ்டரி வாத்தியார். கவர்ன்மென்ட் ஸ்கூல். ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. சர்வீஸ் பூரா பசங்களுக்குப் பாடம் சொன்னேன், ஒரு பய கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எப்பவும் ஹிஸ்டரி பீரியட் போடுவாங்க, பாதி கிளாஸ் தூங்கும், மீதி கிளாஸ் ஜன்னலைப் பார்க்கும். ரிட்டயர் ஆனப்புறம் ஒரு நாள் யோசிச்சேன். கொலுவுக்குத் தினம் இத்தனை பேர் வீடு தேடி வர்றாங்க. வெத்தலை பாக்கு வாங்காம ஒருத்தரும் எழுந்து போக முடியாது. இதைவிட நல்ல கிளாஸ் ரூம் எங்கே சார் கிடைக்கும்?

செண்பகத்துக்கிட்ட சொன்னேன். செண்பகவல்லி, என் வீட்டுக்காரி. 'இந்த வருஷம் கொலு என் பொறுப்பு, நீ நிம்மதியா இரு'ன்னேன். கல்யாணமாகி வந்ததிலேருந்து வருஷா வருஷம் அவதான் வைப்பா. அவ கொலுவுக்குத் தனிப் பேரு. நம்ம காலனி போட்டியிலே ஒரு தடவை ரெண்டாம் பரிசு கூட வாங்கினா. கையிலே இருந்த அரிசியைப் புடைச்சு முடிச்சா. அப்புறம், 'சரிங்க, பொம்மையை உடைக்காம இருந்தா சரி'ன்னா. அவ்வளவுதான்.

சும்மா சொல்லக் கூடாது, இதிலே முழு உழைப்பும் என்னுதுதான் சார். பரண்லேருந்து பெட்டி இறக்கினது, பொம்மைக்கு ஒண்ணொண்ணாத் துணி பிரிச்சுத் துடைச்சது, படி கட்டினது, வேட்டி விரிச்சது, கோலம், சுண்டல், வர்றவங்களுக்குத் தாம்பூலம், இதெல்லாம் அவ. மத்ததெல்லாம் நான்.

மத்ததுன்னா சார், யோசனை. பொம்மைக்கு நான் எங்கே போவேன்? கற்கால மனுஷன் பொம்மை எந்தக் கடையிலே விக்குது? அங்கேதான் மூளையைப் பயன்படுத்தினேன். வீட்டிலே தசாவதார செட் இருக்கு. பரசுராமர் கையிலே கோடாலி. அவரைக் கீழ்ப்படிக்கு இறக்கினேன், கற்கால வேடன் ரெடி. பலராமர் தோள்லே ஏர். முதல் விவசாயி. தசரதர் யாகம் செட்டிலே நெருப்பு முன்னாடி ஒரு முனிவர் உட்கார்ந்திருப்பாரு பாருங்க, அவருதான் நெருப்பைக் கண்டுபிடிச்சவர். கீதை சொல்ற தேர் இருக்கே, சக்கரத்துக்கு அது. தஞ்சாவூர்த் தலையாட்டி ராஜாவை அரசாட்சிக்குப் போட்டேன். நூல் நூற்கறதுக்கு ஆம்பளை பொம்மை கிடைக்கலை, அதனாலே ஜவுளிக் கடை செட்டியாரை வெச்சு சமாளிச்சுட்டேன். பேரனோட ரயில் பொம்மை இயந்திர காலம். மேலே விண்வெளிக்கு யாரு? நல்லாப் பாருங்க. நாரதர்! மூணு லோகமும் போயிட்டு வந்தவர் சார், அவரைவிட யாருக்குத் தகுதி இருக்கு?

செண்பகம் பார்த்துட்டு, 'பத்து அவதாரத்திலே ரெண்டு பேரைக் கூலி வேலைக்கு அனுப்பிட்டீங்களே'ன்னா. அவளுக்குக் கிண்டல் ஜாஸ்தி.

உச்சிப் படியிலே கலசமும் அம்பாளும். அதை நகர்த்த முடியாதுன்னுட்டா. சரி, அது பக்தி டிபார்ட்மென்ட், வரலாற்றிலே சேர்த்தி இல்லைன்னு விட்டுட்டேன்.

இப்ப என் மனக்குறைக்கு வர்றேன். கேளுங்க சார், நீங்க வெளி ஆளு, நடுநிலையாச் சொல்வீங்க.

அமாவாசை அன்னைக்குக் காலையிலே எல்லாப் பொம்மையையும் அடுக்கி முடிச்சேன். கலசம் வைக்க நல்ல நேரம் மதியத்துக்கு மேலேதான். அவ ஏதாவது மாத்திடுவாளோன்னு எனக்கு ஒரு பயம். அதனாலே முன்கூட்டியே கண்டிப்பாச் சொல்லிட்டேன். 'இத பாரு, கலசம் வெச்சதுக்கு அப்புறம் யாரும் எந்தப் பொம்மையையும் நகர்த்தக் கூடாது. அதுதான் முறை'ன்னேன். எல்லா வீட்டுலேயும் அதுதானே சார் முறை? ஏத்தின கொலுவைப் பாதியிலே கலைக்கக் கூடாது. அவளும் 'ஆமாங்க, அதுதான் முறை'ன்னா. நிம்மதியாச் சாப்பிட்டேன். கொஞ்சம் கண்ணை மூடினேன்.

எழுந்து பார்க்கறேன், கலசம் வெச்சாச்சு, விளக்கு ஏத்தியாச்சு, கற்பூரம் காட்டியாச்சு. என் ஒவ்வொரு ஆம்பளை பொம்மைக்குப் பக்கத்திலேயும் ஒரு பொம்பளை பொம்மை நிக்குது!

பாருங்க சார், நீங்களே பாருங்க. வேடன் பக்கத்திலே கூடைக்காரி. பலராமர் பக்கத்திலே முறத்திலே புடைக்கறவ. முனிவர் பக்கத்திலே பானை வெச்சு அடுப்பு ஊதறவ. செட்டியாரை ஓரத்துக்குத் தள்ளிட்டு ராட்டையோட ஒருத்தி. என் ராஜாவுக்குப் பக்கத்திலே ராணியும் தலையாட்டிக்கிட்டு இருக்கா. ரயிலுக்குப் பக்கத்திலே கல்லு சுமக்கற சித்தாள். எல்லாம் பழைய பொம்மைங்க சார், அவ பிறந்த வீட்டிலேருந்து வந்தது. நான் வேண்டாம்னு பெட்டியிலேயே போட்டு வெச்சிருந்தேன். சமையல் சாமான், சந்தைச் சாமானெல்லாம் வரலாறு ஆகுமா?

'என்னடி இது?'ன்னேன். 'இடம் காலியாத் தெரிஞ்சுது, நிரப்பினேன்'ன்னா. 'எடு அதையெல்லாம்'ன்னேன். 'கலசம் வெச்சாச்சே, நகர்த்தக் கூடாதே. நீங்கதானே சொன்னீங்க?'ன்னா.

வாத்தியார் போட்ட ரூலை வாத்தியாரே மீறலாமா சார்?

சரி, ஒரு ஓரமா நிக்கட்டும்னு விட்டேன். முதல் நாளே நாலாவது வீட்டுக் குழந்தை வந்து, நேரா அந்த முறக்காரி முன்னாடி நின்னுக்கிட்டு, 'தாத்தா, இவங்க என்ன பண்றாங்க?'ன்னு கேட்டுது. நான் வாத்தியார் சார். கேள்வி கேட்டா பதில் சொல்லாம இருக்க வராது. 'ஆதியிலே ஆம்பளைங்க வேட்டைக்குப் போயிடுவாங்கம்மா, பொம்பளைங்க தானியம் பொறுக்கிட்டு வந்து புடைப்பாங்க. சிந்தின விதை குடிசைப் பக்கத்திலே முளைச்சுது. அதைப் பார்த்துட்டு, அடுத்த மழைக்கு வேணும்னே தூவினாங்க. நல்ல விதையா எடுத்துப் பத்திரமா வெச்சாங்க'ன்னு சொன்னேன். அது உடனே, 'அப்ப விவசாயத்தைக் கண்டுபிடிச்சது இவங்களா?'ன்னுது. 'இல்லைம்மா, விவசாயி அவரு. இவங்க முதல்ல செஞ்சு பார்த்தாங்க, அவ்வளவுதான்'னு தெளிவாச் சொல்லிட்டேன். 'ஏர் எப்ப தாத்தா வந்தது?'ன்னு அடுத்த கேள்வி. 'அது ரொம்பக் காலம் கழிச்சு'ன்னேன். அந்தக் குழந்தை பலராமரையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்துது சார். இந்தக் காலத்துக் குழந்தைங்களுக்குப் பாடம் சீக்கிரம் ஏறமாட்டேங்குது.

அதுக்கப்புறம் தினமும் இதே கதைதான். வர்றவங்க யாரும் பரசுராமரைப் பார்க்கறதில்லை. கூடைக்காரி கூடையிலே என்ன கிழங்கு, எது விஷம் எது மருந்துன்னு யாரு முதல்ல தின்னு பார்த்தாங்க, நெருப்பை மழைக் காலத்திலே அணையாம யாரு காப்பாத்தி வெச்சாங்க, பானைக்கு மண் எப்படிப் பிசைஞ்சாங்க... கேட்டுக்கிட்டே இருப்பாங்க. எதுத்த வீட்டு அம்மா ரயில் கிட்ட நின்னு, 'எங்க அத்தை இப்படித்தான் அணைக்கட்டு வேலையிலே கல்லு சுமந்தாங்க, அணைக்கட்டிலே பேரு மட்டும் என்ஜினீயர் பேரு'ன்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் சமாதானமா, 'கல்லு யாரு வேணா சுமக்கலாம்மா, பிளான் போடறதுதான் கஷ்டம்'னேன். அவங்க வெத்தலையை வாங்கிட்டுப் போயிட்டாங்க.

ஆனா ஒண்ணு சார். கூட்டம் கூடிப்போச்சு. நேத்து வந்தவங்க இன்னைக்கு வேற யாரையோ கூட்டிக்கிட்டு வந்தாங்க. வாசல்லே செருப்பு வைக்க இடமில்லை. முப்பது முப்பத்தஞ்சு வருஷத்திலே என் பாடத்தை இப்படி யாரும் வாயைத் திறந்துக்கிட்டுக் கேட்டதில்லை. ராத்திரி படுத்தா சிரிப்புச் சிரிப்பா வரும் எனக்கு. அவ்வளவு சந்தோஷம். நான் பேச்சிலே கொஞ்சம் கெட்டிக்காரன்தான் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

செண்பகத்துக்கும் ஹிஸ்டரி தெரியும் சார், தெரியாம இல்லை. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே யுனிவர்சிட்டி. அவளும் எம்.ஏ.தான். ராங்க் கூட வாங்கினா. அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி. நான் பிளஸ் டூவுக்கு ஒரு ஹிஸ்டரி கைடு போட்டேன், கேள்விப்பட்டிருப்பீங்க, அந்தக் காலத்திலே நம்ம மாவட்டம் பூரா அதுதான் ஓடுச்சு. அதை எழுதினப்போ அவ கூட இருந்தா. அவ கையெழுத்து முத்து முத்தா இருக்கும். 'மூணாவது பாடம், கடல் வாணிகம்'னு நான் தலைப்பைச் சொல்லிட்டு வாக்கிங் போயிடுவேன். திரும்பி வர்றதுக்குள்ளே எழுதி முடிச்சிருப்பா. அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வரி விடாமப் படிப்பேன் சார். பெரும்பாலும் தப்பு இருக்காது. நமக்கு ஒரு பிடிப்பு இருந்தா, கூட இருக்கறவங்களுக்கும் வந்துடுது பாருங்க.

எங்கே விட்டேன்? ஆங், போட்டி. முந்தாநாள் நடுவர்கள் வந்தாங்க. மூணு பேர். அதிலே ஒரு அம்மா காலேஜ் பிரின்சிபாலா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நான் சலவை வேட்டி கட்டிக்கிட்டு, குச்சி ஒண்ணு எடுத்துக்கிட்டு, கீழ்ப்படியிலேருந்து ஆரம்பிச்சேன். அருமையான உரை சார், எனக்கே தெரிஞ்சுது. ஆனா அந்த அம்மா என் முழங்கைக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. கடைசியிலே, 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நீங்க மறைக்கறீங்க'ன்னுட்டாங்க. தள்ளி நின்னேன். ராட்டைக்காரியைக் கையைக் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

அப்புறம் நேரா செண்பகத்தைப் பார்த்து, 'இது உங்க யோசனையா?'ன்னாங்க. நான் முந்திக்கிட்டு, 'எங்க யோசனைதான் மேடம்'னேன். 'அவங்க சொல்லட்டுமே'ன்னாங்க. செண்பகம் புடவைத் தலைப்பிலே ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே வந்து நின்னா. 'இவர் சொன்ன கதை நல்ல கதைதான் மேடம். ஆள்தான் குறைச்சலா இருந்தாங்க. பாதிப் பேரு பெட்டிக்குள்ளேயே இருந்தாங்க, எடுத்து வெச்சேன்'னா.

அவ்வளவுதான் சொன்னா. நான் அத்தனை நேரம் பேசியிருக்கேன், ஒரு எழுத்து அவங்க குறிச்சுக்கலை. இதை மட்டும் மூணு பேரும் குறிச்சுக்கிட்டாங்க.

இன்னைக்குக் காலையிலே காலனி வாட்ஸ்அப் குரூப்பிலே ரிசல்ட் வந்துது. முதல் பரிசு நம்ம வீட்டுக்கு! குதிச்சுட்டேன் சார். அப்புறம் முழுசாப் படிச்சேன். 'முதல் பரிசு, பன்னிரண்டாம் எண் வீடு, திருமதி செண்பகவல்லி.' அவ்வளவுதான். கீழே ஏதாவது இருக்கான்னு தள்ளித் தள்ளிப் பார்க்கறேன், செவன்டீன் ஏ வீட்டிலே பூனை காணலைங்கற செய்திதான் இருக்கு.

நான் எங்கே சார்? தலைப்பு யாருது? யோசனை யாருது? ஒன்பது நாளு தொண்டை கட்ட நின்னு பேசினவன் யாரு? பின்னாலே நின்னு எல்லாத்தையும் தூக்கி நிறுத்தினவன் பேரு ஒரு ஓரத்திலே கூட வரக் கூடாதா? இதுதான் சார் வரலாற்றோட அநியாயம்! உழைச்சவன் ஒருத்தன், மேடையிலே நிக்கறது இன்னொருத்தர். எத்தனை பேரை இப்படி விட்டிருப்பாங்க, சொல்லுங்க. எனக்கு மனசு வலிக்குது சார். வெளிப்படையாவே சொல்றேன், காலையிலேருந்து காப்பி கூட இறங்கலை.

சங்கத்துச் செயலாளருக்குப் போன் போட்டேன். அவர், 'அதுக்கென்ன சார், வீட்டிலே யாருக்குக் கிடைச்சா என்ன, எல்லாம் ஒண்ணுதானே'ன்னார். எப்படி சார் ஒண்ணாகும்? ரெண்டும் ஒண்ணுன்னா என் பேரைப் போட்டிருக்கலாமே!

நாளைக்குச் சாயங்காலம் பரிசளிப்பு. பரிசு வாங்கறவங்க அஞ்சு நிமிஷம் பேசணுமாம். எனக்கு இருக்கற ஒரே நம்பிக்கை அதுதான். அவ மேடையிலே நின்னு, மைக்கிலே, காலனி பூரா கேட்கற மாதிரி என் பேரைச் சொல்லிட்டா போதும். வேற எதுவும் வேண்டாம் சார் எனக்கு. அந்தப் பேச்சை நானே எழுதித் தர்றேன்னு மதியம் உட்கார்ந்தேன். 'அனைவருக்கும் வணக்கம்' வரைக்கும் நல்லாத்தான் வந்துது. அதுக்கு மேலே வழக்கமா எனக்கு ஓடாது, வாக்கிங் போற நேரம் அது. திரும்பி வந்து பார்த்தா அவளே எழுதி முடிச்சிருக்கா.

அதோ வந்துட்டா. உங்க வீட்டம்மாவும் வர்றாங்க. இருங்க சார், எழுந்திருக்காதீங்க, சாட்சிக்கு நீங்க வேணும்.

செண்பகம், நாளைக்குப் பேசறியே, அதிலே என்னைப் பத்தி வருதா?

வருதாம் சார்! கேட்டீங்களா? நான்தான் சொன்னேனே, அவ நல்லவ.

எந்த இடத்திலே? கடைசியிலேயா... சரி, கடைசியிலேன்னா என்ன, கடைசியிலே சொல்றதுதான் மனசிலே நிக்கும். என்னன்னு எழுதியிருக்கே? படி, படி. சார் முன்னாடியே படி.

'ஒன்பது நாளும் கூடமாட ஒத்தாசையாக இருந்த என் வீட்டுக்காரருக்கும் நன்றி.'

ஒத்தாசை. சரி. வீட்டுக்காரருக்'கும்'. சரி. உங்க வீட்டம்மா ஏன் சார் முந்தானையை வாயிலே வெச்சுக்கறாங்க?

ஏன் செண்பகம், வீட்டுக்காரர்னா யாருன்னு எப்படித் தெரியும்? பேரு? பேரைச் சொல்லணும்ல?

என்ன சார் சொல்றா பாருங்க. 'புருஷன் பேரைப் பொண்டாட்டி வாயாலே சொல்லலாமா? அதுவும் மைக்கிலே'ங்கறா. உண்மைதான் சார். கல்யாணமான நாள்லேருந்து ஒரு தடவை கூட அவ என் பேரைச் சொன்னதில்லை. எங்க அம்மா அப்பவே சொல்லி வெச்சது. ரேஷன் கடையிலே கேட்டாக்கூட கார்டைத்தான் நீட்டுவா. ஸ்டாஃப் ரூம்லே நான் எத்தனை தடவை பெருமையாச் சொல்லியிருக்கேன் தெரியுமா? 'எம்.ஏ. படிச்சவ, ராங்க் வாங்கினவ, இருந்தாலும் எம் பேரைச் சொல்லமாட்டா பாருங்க'ன்னு. இப்ப எந்த வாயாலே சார் நான் 'சொல்லு'ன்னு சொல்றது?

சிரிக்காதே செண்பகம். உன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லலை.

கிளம்பிட்டீங்களா சார்? இருங்க, வாசல் வரைக்கும் வர்றேன். உங்க வீட்டம்மா யார்கிட்ட போன்லே பேசறாங்க? 'பன்னிரண்டாம் நம்பர், செண்பகவல்லி மேடம் வீட்டுக் கொலு, தவறவிடாதே'ங்கறாங்களா? சொல்லட்டும், சொல்லட்டும்.

சார், ஒரு சந்தேகம். இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தோமே, உங்ககிட்ட நான் என் பேரைச் சொன்னேனா? இல்லையா? நினைச்சேன். அந்த ஸ்கூட்டரைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க சார், காதிலே விழாது. ஒரே நிமிஷம். என் பேரு... சார்! சார், என் பேரு...